நிற்கும் இடத்தை மெனு சொல்லட்டும்

இணையதளத்தின் தலைப்பகுதியில் வரிசையாக இருக்கும் மெனுவை, போக வேண்டிய இடங்களின் பட்டியலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். முகப்பு, துறையைப் பற்றி, திட்டங்கள், சேவைகள், அறிவிப்புகள், தொடர்புக்கு என்று அது எங்கெல்லாம் போகலாம் என்பதைச் சொல்கிறது. இப்போது எங்கே இருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டிய கடமை அதற்கு உண்டு. திட்டங்கள் என்ற பிரிவுக்குள் மூன்று அடுக்கு உள்ளே இருக்கும் ஓர் உதவித்தொகைப் பக்கத்தை ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், மெனுவில் ‘திட்டங்கள்’ என்ற சொல் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். பெரிய மருத்துவமனையின் வாசலில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற புள்ளி இல்லாவிட்டால் அந்த வரைபடத்தால் எவ்வளவு பயனோ, இந்தக் குறி இல்லாத மெனுவாலும் அவ்வளவுதான் பயன். ஆனால் இதை அலங்கார வேலையாக நினைத்து, தளம் முடியும் தறுவாயில் யாரோ ஒருவர் தலையில் கட்டுவது வழக்கமாகியிருக்கிறது. இந்தக் குறி தளத்தின் கட்டமைப்பிலிருந்து தானாகப் பிறக்க வேண்டும். பக்கம் தயாராகும் இடத்திலேயே அதற்குள் எழுதப்பட வேண்டும். பொதுமக்களுக்கான தளங்களில் அது கட்டாயமாக்கப்பட வேண்டும். இந்த வாதத்துக்கு நான் முதல் சான்றாக எடுத்துக்கொள்வது, இன்று பலரும் பழசு என்று ஒதுக்கிவிட்ட எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியை.

ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த எக்ஸ்எஸ்எல்டியின் முதல் பதிப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999 நவம்பர் 16 அன்று தன் பரிந்துரையாக வெளியிட்டது. எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கும் தகவலை எடுத்து வேறொரு வடிவமாக, பெரும்பாலும் நாம் படிக்கும் எச்டிஎம்எல் பக்கமாக, மாற்றித் தருவது அதன் வேலை. எக்ஸ்எம்எல் தகவல் எப்போதும் மரம்போலக் கிளைவிட்டு இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. ஓர் இணையதளத்தின் அமைப்பும் அதேதான்: முகப்புக்குள் திட்டங்கள், திட்டங்களுக்குள் கல்வி, கல்விக்குள் உதவித்தொகை. தளத்தின் பக்கங்களை எல்லாம் இப்படி ஒரே கோப்பில் எழுதி வைத்து, தயாராகிக்கொண்டிருக்கும் பக்கம் எது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். மெனுவின் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து எக்ஸ்எஸ்எல்டி ஒரு கேள்வி கேட்கும்: நீதான் அந்தப் பக்கமா, அல்லது உன் சந்ததியில் எங்காவது அந்தப் பக்கம் இருக்கிறதா? ஆம் என்றால் குறி விழும். ‘தானும் தன் சந்ததியும்’, ‘தானும் தன் மூதாதையும்’ என்று மரத்தின் மேலும் கீழும் பார்க்கும் திசைகள் அந்த மொழிக்குள்ளேயே முதல் பதிப்பிலிருந்து இருக்கின்றன. புதிய பக்கம் ஒன்றைச் சேர்ப்பவர் அதை மரத்தில் சரியான கிளையில் வைத்தால் போதும். மெனுவைத் தொட வேண்டியதே இல்லை. குறியும் தன் இடத்தில் சரியாக வந்து விழும்.

இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பவர் இதே பக்கத்தில் இருக்கிறாரா என்பது ஒன்று. இந்தப் பிரிவுக்குள் எங்கோ இருக்கிறாரா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே குறி போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம், போதாது. திட்டங்கள் என்ற பக்கத்திலேயே இருப்பவருக்கு அந்தச் சொல் அழுத்தக்கூடிய இணைப்பாக இருக்கத் தேவையில்லை. அழுத்தினால் அதே பக்கம்தான் மறுபடி திறக்கும், ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்று அவர் குழம்புவார். மூன்று அடுக்கு உள்ளே இருப்பவருக்கோ அந்தச் சொல் இணைப்பாக இருந்தே ஆக வேண்டும். அவர் மேலே ஏறி வருவதற்கான வழி அதுதான். எக்ஸ்எஸ்எல்டியில் எழுதியவர்களால் இந்த வேறுபாட்டைத் தவிர்க்க முடியவில்லை, ஏனெனில் ‘தான்’ என்பதற்கும் ‘தானும் தன் சந்ததியும்’ என்பதற்கும் அந்த மொழியில் தனித்தனிச் சொல். முதல் பதிப்பில் அதற்குக் குறைகளும் இருந்தன. இரண்டு கணுக்கள் ஒன்றேதானா என்று நேரடியாகக் கேட்க வழியில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண்ணை உண்டாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதற்கு ஒரே சொல்லில் விடை கிடைத்தது. எழுதுவதற்கு நீளமான மொழி என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழக்கியது அது.

பின்னால் வந்த கருவிகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் உறுதி விளங்கும். உலகின் கணிசமான தளங்களை இயக்கும் வேர்ட்பிரஸ், மெனுவைத் தயாரிக்கும்போது நடப்புப் பக்கத்துக்கு ஓர் அடையாளத்தையும் அதன் மூதாதைகளுக்கு வேறோர் அடையாளத்தையும் ஒட்டுகிறது. ட்ரூபல் இதை ஆக்டிவ் டிரெயில் என்று அழைக்கிறது: முகப்பிலிருந்து இப்போதைய பக்கம் வரையுள்ள கிளைகள் முழுவதும் ஒரு தடமாகக் கணக்கிடப்படுகின்றன. ஹியூகோ என்ற தளத் தயாரிப்புக் கருவியில், ‘இதுவே நடப்புப் பக்கமா’ என்று கேட்க ஒரு செயல்பாடு, ‘இதற்குள் நடப்புப் பக்கம் இருக்கிறதா’ என்று கேட்க இன்னொன்று. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில், வெவ்வேறு குழுவினர் எழுதியவை இவை. எல்லோரும் அதே இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த வேறுபாடு எக்ஸ்எஸ்எல்டியின் பழைய பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. பிரச்சினையின் இயல்பே அப்படி.

அப்படியிருந்தும் நடைமுறையில் அதிகம் காணப்படுவது வேறொரு குறுக்குவழி. பக்கத்தின் முகவரியையும் மெனுவில் உள்ள முகவரியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, தொடக்கம் ஒத்துப்போனால் குறி இடுவது. பார்வைக்கு எளிது; விளைவு மோசம். ‘கல்வி’ என்று ஒரு பிரிவும் ‘கல்விக்கடன்’ என்று இன்னொரு பிரிவும் உள்ள தளத்தை எடுத்துக்கொள்வோம். கடன் பக்கத்தைத் திறந்தால் இரண்டுமே ஒளிரும், ஏனெனில் இரண்டின் முகவரியும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. முகப்பின் முகவரி வெறும் ஒரு சாய்கோடு. எல்லா முகவரியும் அந்தச் சாய்கோட்டில்தான் தொடங்குகின்றன என்பதால் முகப்பு எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு ஒவ்வொன்றாக ஒட்டுப் போடுவார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டு விழும்.

தமிழில் இந்தக் குறுக்குவழி இன்னும் ஆபத்தானது. முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால், ‘க’ என்ற ஓர் எழுத்து பின்னணியில் சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 9 குறிகளாக மாறுகிறது. ஒரு பக்கம் மாறிய வடிவமும் மறு பக்கம் மாறாத வடிவமும் இருந்தால் இரண்டும் ஒரே சொல் என்று கணினிக்குத் தெரியாது. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கொள்முதல்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்கூட்டி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் கணினி இரண்டையும் வேறு வேறு என்றுதான் சொல்லும். கொள்முதல் பக்கத்தில் கொள்முதல் ஒளிராது. ஏன் என்று தேடுபவருக்குக் கண்ணில் எந்த வேறுபாடும் படாது. மரத்தில் தன் கிளையைக் கொண்டு இடத்தை அறியும் முறையில் இந்தத் தொல்லைக்கு வேலையே இல்லை. எழுத்து எப்படிப் பதியப்பட்டிருந்தாலும் பிள்ளை பிள்ளைதான். தமிழில் தளம் நடத்துபவர்கள் கட்டமைப்பு வழியைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து, குறி யாருக்குத் தெரிகிறது என்ற கேள்வி. நீண்ட காலமாக ஒரு சிஎஸ்எஸ் உத்தி பரவலாக இருந்தது: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஏற்ப மெனுவில் ஓர் உறுப்பின் நிறம் மட்டும் மாறும்படி நடைத்தாளில் எழுதிவிடுவது. மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரேபோல இருக்கும், நிறம் மட்டும் மாறும். கண்ணுள்ளவர்களுக்கு வேலை முடிந்தது. திரைவாசிப்பான் வழியாகத் தளத்தைக் கேட்கும் பார்வையற்றவருக்கு அந்த நிறம் எதையும் சொல்வதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கும் சொல்லாமல் போகலாம். நிறத்தை மட்டும் நம்பி எந்தத் தகவலையும் தரக்கூடாது என்பது டபிள்யூ3சியின் இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் அடிப்படை நிலையிலேயே, அதாவது ஏ நிலையிலேயே, இருக்கும் விதி. 2017 டிசம்பரில் பரிந்துரையான ஏரியா 1.1 தரம் இதற்கென்றே ‘ஏரியா-கரண்ட்’ என்ற பண்பைக் கொண்டுவந்தது. மெனு உறுப்பில் அதை எழுதினால், அந்த இணைப்பை வாசிக்கும்போது ‘நடப்புப் பக்கம்’ என்பதையும் திரைவாசிப்பான் சேர்த்துச் சொல்லும். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், தமிழ்க் குரலிலும் வாசிக்கக்கூடியது. கருவி தயாராக இருக்கிறது. சொல்ல வேண்டியதைப் பக்கம் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்எஸ்எல்டியோ அதைப் போன்ற வேறெந்தக் கருவியோ மெனுவைத் தயாரிக்கும் அந்த நொடியில் இந்தப் பண்பையும் எழுதிவிட முடியும். நிறம், தடிமன், அடிக்கோடு எல்லாம் அந்தப் பண்பைப் பார்த்தே நடைத்தாளில் முடிவாகலாம். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே மூலத்திலிருந்து தகவல் போகும்போது ஒன்று சரியாகவும் மற்றொன்று பிழையாகவும் இருக்க வழியில்லை.

இதையெல்லாம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டே செய்துவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பார்கள். பத்து வரியில் எழுதலாம் என்பது உண்மை. அந்தப் பத்து வரி பயனரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்து, பிழையில்லாமல் ஓடி முடித்த பிறகுதான் குறி தோன்றும். அலைவரிசை மங்கலான ஊரில் பக்கம் வந்துவிடும், ஸ்கிரிப்ட் வராது. அதே பக்கத்தில் உள்ள வேறொரு ஸ்கிரிப்டின் பிழையால் இதுவும் நின்றுபோகலாம். பக்கத்தைத் தயாரித்த சர்வருக்கு அது எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரியும். தெரிந்த தகவலைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, பயனரின் கருவி முகவரியைப் பார்த்து ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவதை நியாயப்படுத்த முடியாது. ஒரே பக்கத்துக்குள் புதிய பக்கம் ஏற்றாமலேயே எல்லாம் மாறும் செயலி வகைத் தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அரசாணையையோ விண்ணப்ப விதிகளையோ படிக்க வரும் தளம் அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கத் தேவையில்லை.

எக்ஸ்எஸ்எல்டியே விடைபெறப் போகிறதே என்பது இன்னும் கனமான மறுப்பு. கூகுள் குரோம் தன்னுள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி வசதியை நீக்கும் திட்டத்தை 2025இல் அறிவித்தது. 2026 நவம்பரில் வர வேண்டிய 155ஆம் பதிப்பிலிருந்து அது சாதாரணப் பயனர்களுக்கு வேலை செய்யாது என்பது அந்த அறிவிப்பின் கணக்கு. பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் பழைய நிரல் நூலகம் சிலரின் தன்னார்வ உழைப்பில் நின்றது. அதில் அடுத்தடுத்துப் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிரவுசர்களோ முதல் பதிப்போடு நின்றுவிட்டன. 2007இன் இரண்டாம் பதிப்பையும் 2017இன் மூன்றாம் பதிப்பையும் எந்தப் பெரிய பிரவுசரும் ஏற்கவே இல்லை. இந்த முடிவால் இழப்பு உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மசோதாக்கள் எக்ஸ்எம்எல் வடிவில் வெளியிடப்பட்டு, எக்ஸ்எஸ்எல்டி தாள்களின் உதவியோடு படிக்கத்தக்க பக்கமாகின்றன. அது போன்ற இடங்களில் மாற்றுவழி தேட வேண்டியிருக்கும். ஆனால் நீக்கப்படுவது பிரவுசருக்குள் நடக்கும் மாற்றம் மட்டுமே. சர்வரில் அல்லது தளம் தயாராகும் கணினியில் எக்ஸ்எஸ்எல்டி தொடர்ந்து ஓடும். மைக்கேல் கே உருவாக்கிய சாக்ஸன் என்ற மென்பொருள் மூன்றாம் பதிப்பு வரை ஆதரிக்கிறது. பதிப்பகங்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகின்றன. பக்கத்தைத் தயாரிக்கும் இடத்திலேயே குறியை எழுதிவிட்டவர்களுக்கு குரோமின் முடிவால் ஒரு பாதிப்பும் இல்லை. பயனரின் பிரவுசரை நம்பி வேலையைத் தள்ளிவைத்தவர்கள்தான் திண்டாடப் போகிறார்கள். இந்தச் செய்தியை என் வாதத்துக்கு எதிராக எடுத்து வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லோரும் கூகுளில் தேடித்தான் வருகிறார்கள், மெனுவை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் எழும். தேடி வருபவர் வாசல் வழியாக வருவதில்லை. நேரே உள்ளறையில் வந்து இறங்குகிறார். எந்தத் துறையின் எந்தப் பிரிவு, இது திட்டத்தின் விதியா, பழைய அறிவிப்பா என்று அவருக்கு எதுவும் தெரியாது. முகப்பிலிருந்து படிப்படியாக வந்தவரைவிட அவருக்கே இந்தக் குறி அதிகம் தேவை. கைப்பேசியில் மெனு மூன்று கோடுகளுக்குப் பின்னால் மறைந்திருப்பது உண்மைதான். அதற்காகவே முகப்பிலிருந்து இப்பக்கம் வரையுள்ள தடத்தைத் தலைப்புக்கு மேல் ஒரு வரியாகக் காட்டும் வழக்கமும் வந்தது. அந்த வரியும் அதே மரத்தில் அதே மூதாதைகளை எண்ணித்தான் கிடைக்கிறது. மெனுவின் குறியைக் கணக்கிட்டவருக்கு அது கூடுதல் வேலையே இல்லை. இணையதள வடிவமைப்பு வல்லுநர் ஸ்டீவ் குருக் 2000இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில், இத்தகைய குறிகளிடம் பொதுவாகக் காணும் குறை அவை கண்ணில் படாத அளவுக்கு மெல்லியதாக இருப்பதே என்று எழுதினார். இன்றைய சாம்பல் நிற மோகத்தில் அது இன்னும் பொருந்துகிறது.

செலவு பற்றிய மறுப்பு ஒன்றுக்குத்தான் ஓரளவு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மெனு எல்லாப் பக்கத்திலும் ஒன்றேயாக இருந்தால் சர்வர் அதை ஒருமுறை தயாரித்துச் சேமித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தரலாம். பக்கத்துக்குப் பக்கம் குறி மாறினால் அந்தச் சேமிப்பு பயன்படாது. அன்றாடம் லட்சக்கணக்கானோர் வரும் தளத்தில் இது உண்மையான கவலை. ஆனால் குறி மாறுவது பக்கத்துக்குத்தான், வருபவருக்கு ஏற்ப மாறுவதில்லை. ஒரு பக்கத்தை முழுதாக ஒருமுறை தயாரித்து வைத்துவிட்டால் அதைப் பார்க்கும் எல்லோருக்கும் அதே பிரதியைத் தரலாம். பெரும்பாலான தகவல் தளங்களின் பக்கங்கள் மாதக்கணக்கில் மாறாமல் இருப்பவை.

சட்டத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். தளத்துக்குள் தான் எங்கே இருக்கிறோம் என்ற தகவல் பயனருக்குக் கிடைக்க வேண்டும் என்பது டபிள்யூ3சி வழிகாட்டுதல்களில் 2.4.8ஆம் விதி. அதை ஏஏஏ என்ற மிக உயர்ந்த நிலையில் வைத்திருக்கிறார்கள். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்பது ஏஏ நிலை வரையில்தான். ஆகவே ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று சொல்வது நம் அரசுத் தளங்களுக்கு விருப்பம் சார்ந்த ஒன்றாக நிற்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்குக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் படும் துன்பம் அந்த வழக்கின் பொருள். அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே நுழைந்த குடிமக்களுக்கு அவர்கள் நிற்கும் இடத்தைச் சொல்வதை விருப்பத்துக்கு விட்டுவைக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் இணையதளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மெனுவிலும் நடப்புப் பக்கமும் அதன் பிரிவும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அந்தக் குறி இருக்க வேண்டும். திரைவாசிப்பானில் கேட்டால் அது தமிழில் சொல்லப்பட வேண்டும். தளத்தை ஒப்புக்கொண்டு பணத்தை விடுவிக்கும் முன் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்கட்டும். ஒரு பிற்பகல் போதும்.